விக்கலெடுக்கிற பாட்டு

"அடுத்தவன்ட பாட்டை வெட்டி ஒட்டுறது இசையா?" எண்டு கட்டுரையில கேட்டிருக்கிறீங்க. அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸ் 2004ல செஞ்ச 'கிரே ஆல்பத்தை' ஒருக்கா ஹெட்போனில கேளுங்க. ஜே-சீயின்ட ராப் குரல், அடியில பீட்டில்ஸின்ட வெள்ளை ஆல்பத்தில இருந்து நறுக்கின துண்டுகள். 'ஜூலியா' தாலாட்டு மாதிரி மெல்லிசான பாட்டு. அந்தக் கிற்றாரைப் பொடிப்பொடியா வெட்டித் தாளமாக்கி இருக்கிறார். வெறும் ஒட்டுவேலைக்கு இவ்வளவு காது தேவைப்படாது. பீட்டில்ஸ் ஒலிப்பதிவுகளின்ட உரிமையை வச்சிருந்த ஈஎம்ஐ கம்பெனி நிப்பாட்டச் சொன்னதும், பெப்ரவரி 24 அன்று கன இணையத்தளங்கள் அதை இலவசமாவே போட்டு எதிர்ப்புக் காட்டினது தனிக்கதை.

நேற்று கல்முனையில இருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில வரக்குள்ள கேட்டன். களுவாஞ்சிக்குடியில ஏறின பெரியம்மா ஒருத்தர் ஒரு பக்க இயர்போனை வாங்கிக் காதில வச்சிட்டு, "என்ன மனே, பாட்டு விக்கலெடுக்குது?" எண்டா. ஆனா ஆரையம்பதி வரைக்கும் திருப்பித் தரல்ல.