பொலிஸில் ஒப்புக்கொண்டால் வழக்கு முடிந்ததா?

கடையுடைப்பு வழக்குகள் பற்றிய கட்டுரையில், "பொலிஸில் ஒப்புக்கொண்டால் தப்ப முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. சாதாரண குற்ற வழக்கில், பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தராது. அவர் சொன்ன தகவலால் பொருள் அகப்பட்டால் மட்டும், அதோடு தொடர்பான பகுதியை நிரூபிக்க இடம் தரும் 27ஆம் பிரிவு வரும். சட்டத்தரணி அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

என் அண்ணன் மகன் டவுன் கடையொன்றில் வேலை செய்தான். பூட்டு உடைபட்ட மறுநாளே அவனைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் கையெழுத்து வைத்தான், பாவம். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது. தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு இதை யார் சொன்னார்கள்? காசில்லாதவர்கள் தயங்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.