கடையாணி போட்ட மூலக்கூறு

வளையத்தில் கோத்த மூலக்கூறுகள் (ரோடாக்சேன்கள்) குளோரைடை, அதாவது உப்பில் இருக்கும் குளோரின் எதிர்மின் அயனியை, பிடிக்கும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் ஏன் கோக்கணும், ஒற்றை வளையம் போதாதா என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டீர்களே சார். விஷயமே அதில்தான் இருக்கிறது. ரோடாக்சேனை எங்க ஊர் மாட்டுவண்டி அச்சு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: அச்சில் ஒரு வளையம், கழன்று விழாமல் இரண்டு முனையிலும் கடையாணி. 1983-இல் பிரெஞ்சு வேதியியலாளர் சொவாஜ் மூலக்கூறுச் சங்கிலி கோத்தது செம்பு நேர்மின் அயனியை நடுவில் வைத்து. ஆக்ஸ்போர்டில் வேதியியலாளர் பால் பீர் குழு அந்த இடத்தில் குளோரைடை வைத்து, அதைச் சுற்றி அச்சையும் வளையத்தையும் கூட்டி, கோத்து முடிந்ததும் குளோரைடை வெளியே எடுத்துவிட்டது. மிஞ்சுகிற குழி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. உருண்டையான குளோரைடு உட்காரும், தட்டையான நைட்ரேட்டோ நான்முகி பாஸ்பேட்டோ அவ்வளவு சுலபமாக உட்காராது.

ஆனால் உப்பு நீரையே குடிநீராக்கிவிடலாம் என்கிற உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தி கொஞ்சம் ஓவர். நான் வேதாரண்யம் பக்கம், கோடையில் எங்க போர் தண்ணியில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் மோர் ஊற்றினது போல வெளுத்துப்போகும் (ப்ளஸ் டூ லேப் ஞாபகம்). அவ்வளவு குளோரைடு. அதுவும் ஒவ்வொரு அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கும், அதிலிருந்து பிடுங்குவது லேசில்லை. அயனியைப் பிடிக்கும் இடத்தில் ஹைட்ரஜனுக்குப் பதில் அயோடின் வைத்த ரோடாக்சேன்கள் தண்ணீரிலும் பிடித்தன, ஆனால் அவை நன்றாகப் பிடித்தது குளோரைடை அல்ல, அயோடைடை (அயோடின் அயனியை). துளியளவு அயனியைக் கண்டுபிடிக்கும் சென்சார் என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.