அந்த ஊசியின் பெயர் என்ன, சிஸ்டர்?

சென்ற ஐப்பசி மழையில் ராமேசுவரம் தீவிலிருக்கும் தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவே வயிற்றுப்போக்கில் கிடந்தபோது நானும் படுத்தேன். கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே தங்காமல் போன மூன்றாம் நாள் மாலை, மதினி என்னை ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அதன் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்ல வந்தது எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடியதுதான்.

கையில் வென்ஃப்ளான் என்னும் சிறு குழாயை ரத்தக்குழாயில் செருகி டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் ஒரு சிஸ்டர் வந்து, கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து மருந்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி, "வாந்திக்கு ஊசிக்கா" என்று சொல்லிக்கொண்டே வென்ஃப்ளான் வழியாக ஏற்றினார். நான் மூன்று எண்ணி முடிப்பதற்குள் சிரிஞ்ச் காலியாகிவிட்டது. அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே எனக்குத் தொடங்கியது.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, பயப்படுவதற்கு எதிரே எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டிலில் இன்னொரு நொடி கிடந்தால் ஏதோ ஆகிவிடும் என்று உடம்பு முழுவதும் பறந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கிவிட்டு வாசலுக்கு ஓடத்தான் கை போனது. "என்ன தாயி செய்யுது?" என்று மதினி தோளைப் பிடித்து அழுத்த, எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "பயந்துக்கிறாங்க, தூங்கினா சரியாயிடும்" என்றார் சிஸ்டர். கால் மணி நேரத்தில் அது அடங்கி, அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன் என்பதால் எல்லாரும் அவர் சொன்னதே சரி என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அது பயமில்லை. மருந்துக்கடை ரசீதில் இருந்த பெயர் மெட்டோகுளோப்ரமைடு, 10 மில்லிகிராம். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்து வாந்தியை நிறுத்தும் பழைய மருந்து அது. ரத்தக்குழாயில் வேகமாக ஏற்றினால் கடுமையான பதற்றமும் இருப்புக்கொள்ளாமையும் வந்து, பின்னாலேயே தூக்கமும் வரும் என்று அதன் விவரக்குறிப்பிலேயே இருக்கிறது. அதனால்தான் ஒன்று முதல் இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றச் சொல்கிறார்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அதன் பயன்பாட்டைச் சுருக்கியபோது குறைந்தது மூன்று நிமிடம் என்றே வரையறுத்தது. எனக்கு மூன்று நொடி கிடைத்தது.

இதே மருந்து சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும், கழுத்தை ஒரு பக்கமாக முறுக்கி, தாடையை இறுக்கி, கண்களை மேலே செருக வைப்பதும் உண்டு. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரின் மகளுக்கு, ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அன்று இரவு அப்படி ஆனது. பாட்டி திருநீற்றைத் தேடினார். காற்றுக் கருப்பு என்றார் ஒருவர், வலிப்பு என்றார் இன்னொருவர். மறுபடியும் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனபோது, முதலில் போட்டது எந்த ஊசி என்று டியூட்டி டாக்டர் கேட்ட ஒரே கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அதிர்ஷ்டவசமாக அவரே ஊகித்து, ப்ரொமெத்தசின் ஊசி போட்டதும் சற்று நேரத்தில் கழுத்து நேரானது. பெயர் தெரிந்திருந்தால் அந்த ஊகம் தேவைப்பட்டிருக்காது.

இப்போது பல இடங்களில் வாந்திக்கு ஒன்டான்செட்ரான்தான் போடுகிறார்கள். அது செரோட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருளின் வழியைத் தடுப்பது என்பதால் இந்த முறுக்கலும் பதற்றமும் அதில் அரிது. ஆனால் அதிலும் தலைவலி வரும், மலச்சிக்கல் வரும், இதயத் துடிப்பின் தாளம் மாறக்கூடியவர்களிடம் கவனம் வேண்டும். 4 மில்லிகிராமை அரை நிமிடத்திற்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு முதல் ஐந்து நிமிடத்தில் ஏற்ற வேண்டும். இந்த இரண்டில் எதுவானாலும் அவசரத்துக்கு இடமில்லை.

அந்த சிஸ்டர்மீது எனக்குக் கோபமில்லை. அன்றிரவு பன்னிரண்டு கட்டிலுக்கும் அவர் ஒருவர்தான். ஒரு ஊசிக்கு மூன்று நிமிடம் நின்றால் மற்றவர்களை யார் பார்ப்பது என்று கேட்டால், அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஆள் போடாத நிர்வாகம் சொல்ல வேண்டும். ஆனால் பெயரைச் சொல்ல மூன்று நிமிடம் ஆகாது. "பேரைச் சொன்னா உடனே செல்போன்ல தேடிப் பயந்துடுவாங்க" என்று தெரிந்த மருத்துவர் ஒருவர் என்னிடம் சொன்னார். பெயர் தெரியாமல் நான் பயந்த அளவுக்கு எதைத் தேடியும் பயந்திருக்க மாட்டேன்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. "ஊசி போடலையா டாக்டர்?" என்று கேட்காமல் நாம் எழுந்து வருவதில்லை. உப்பு-சர்க்கரைக் கரைசலை (ஓ.ஆர்.எஸ்.) கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் தீர்ந்துவிடும் வாந்திக்கும், மறுநாள் தொழிலுக்குப் போக வேண்டும் என்று ஊசி கேட்கிறோம். ராமேசுவரத்து விசைப்படகு திங்கள், புதன், சனி என்று முறைவைத்துக் கடலுக்குப் போவது. ஒரு நாளை விட்டால் கூலி போயிற்று என்பது எனக்கும் தெரியும், என் அண்ணனும் அதில்தான் போகிறார். ஆனால் தூக்கம் தட்டும் மருந்தை ஏற்றிக்கொண்டு இருட்டில் படகின் சுக்கானைப் பிடிப்பவரிடம், இது தூக்கம் வரவைக்கும் என்று யாராவது சொல்லியாக வேண்டுமா இல்லையா?

மருந்தின் பெயரையும் அது எனக்குச் செய்ததையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஆதார் அட்டை உறைக்குள் வைத்திருக்கிறேன். தை மாதம் மறுபடியும் வாந்தி வந்து வேறொரு மருத்துவமனையில் படுத்தபோது, மதினி அதை எடுத்து நீட்டினார். அங்கிருந்த சிஸ்டர் படித்துவிட்டு டாக்டரிடம் போய்க் கேட்டு வந்தார். "ஒன்டான்செட்ரான் போடுறேன்க்கா, நாலு மில்லிகிராம்" என்று சொல்லி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரிஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். பாதி ஏறியிருக்கும்போது, "எந்த ஊருக்கா நீங்க?" என்று கேட்டார். தங்கச்சிமடம் என்று சொல்லி, மழையில் தெருவில் தண்ணீர் நின்ற கதையையும் சொல்லி முடித்தேன். அப்போதும் சிரிஞ்சில் மருந்து மிச்சம் இருந்தது.