சார்லி வாட்ஸ் கையைத் தூக்கும் இடம்

பதினெட்டு வருடமாகக் கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிக்கிறேன். ரிசப்ஷன் மேடைக்குப் பக்கத்தில் வந்து மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "அண்ணே, ஒரு சோலோ போடுங்கண்ணே." போடுவேன். விசில் பறக்கும். அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் பாடகரை ஒரு இடத்திலும் தடுமாற விடாமல் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன், அது யார் காதிலும் விழுந்திருக்காது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. டிரம்மர் என்றால் வியர்வை தெறிக்க, தலைமுடி பறக்க அடிப்பவன் என்றுதான் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் நினைப்பை மாற்றியவர் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் சார்லி வாட்ஸ். 1963 ஜனவரியில் அந்தக் குழுவில் சேர்ந்தார். 2021 ஆகஸ்ட் 24 அன்று, தன் எண்பதாவது வயதில் லண்டனில் இறந்தார். நடுவில் ஓடிய 58 வருடமும் ஸ்டோன்ஸுக்கு டிரம்மர் அவர்தான். டிரம்ஸ் சோலோ என்றாலே அவருக்குப் பிடிக்காது. அதை வெளிப்படையாகவே சொல்லியும் இருக்கிறார்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு நிமிடம் மேசையில் தட்டிப் பாருங்கள். வலது கையால் சீராக எட்டு தட்டு. மூன்றாவதிலும் ஏழாவதிலும் இடது கையும் சேரட்டும். ராக் டிரம்ஸின் அடிப்படை நடை இதுதான். வலது கை ஹைஹேட் என்ற இரட்டை உலோகத் தட்டில் ஓடும், இடது கை முன்னால் இருக்கும் ஸ்நேர் டிரம்மில் விழும். உலகத்தில் முக்கால்வாசி டிரம்மர்கள் இப்படித்தான் வாசிக்கிறோம். இப்போது அதே எட்டைத் தட்டுங்கள், ஆனால் மூன்றிலும் ஏழிலும் வலது கையைத் தூக்கிவிடுங்கள். இடது கை மட்டும் தனியாக விழட்டும். சார்லி வாசித்தது இப்படித்தான். வீடியோவில் பார்த்தால் அந்த இடம் வரும்போதெல்லாம் வலது கை குச்சியோடு மேலே போய், ஒரு கணம் நின்று, கீழே இறங்கும். ஹைஹேட்டின் சத்தம் விலகிக்கொள்வதால் ஸ்நேர் அடி தனியாக, முழுசாகக் காதில் விழுகிறது. பாட்டுக்கு ஒரு மூச்சு விடும் இடம் கிடைக்கிறது.

முதல்முறை இதைக் கவனித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு வருடம் நான் எங்கே என்ன சேர்க்கலாம் என்றுதான் தேடியிருந்தேன். இந்த மனிதர் ஒவ்வொரு பாரிலும், அதாவது ஒவ்வொரு எட்டுத் தட்டுச் சுற்றிலும், இரண்டு அடியை எடுத்துவிட்டு வாசிக்கிறார். மிருதங்கக்காரர்கள் சர்வலகு என்று சொல்வார்கள், பாட்டோடு பாட்டாக நடை ஓடிக்கொண்டே இருக்கும், கணக்கைக் காட்டி மிரட்டாது. சார்லியைக் கேட்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அதுதான், தனி ஆவர்த்தனம் இல்லை.

அவர் அப்பா ரயில்வேயில் லாரி ஓட்டியவர். சார்லிக்குச் சின்ன வயதிலிருந்தே ஜாஸ் பைத்தியம். கையில் இருந்ததோ பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம். சிக்கோ ஹாமில்டன் என்ற ஜாஸ் டிரம்மர் குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ்ஷால் வாசித்ததைக் கேட்டுவிட்டு, அந்த பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றிப் போட்டார். மிச்சமிருந்த தோல் கட்டிய வட்டத்தை ஸ்டாண்டில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார். அதுதான் அவருடைய முதல் டிரம். சத்தமாக அடிக்க வேண்டும் என்ற ஆசையில் இந்தக் கலைக்கு வந்தவர் இல்லை அவர், மெதுவாகத் தேய்க்க வந்தவர். பிறகு வந்த எல்லாவற்றுக்கும் இது ஒன்றே விளக்கம் என்பது என் எண்ணம்.

ஓவியக் கல்லூரியில் படித்து, விளம்பர நிறுவனத்தில் டிசைனராக வேலை பார்த்துக்கொண்டே, சாயங்காலங்களில் அலெக்சிஸ் கோர்னரின் ப்ளூஸ் குழுவில் வாசித்தார். அங்கே தன் இடத்தை ஜிஞ்சர் பேக்கருக்கு விட்டுக்கொடுத்தார், தன்னைவிட அவர் நன்றாக வாசிக்கிறார் என்று. பேக்கர் பின்னாளில் காலால் அடிக்கும் கிக் டிரம் இரண்டு வைத்து நீண்ட சோலோக்களுக்குப் பேர்போனவர் ஆனார். சார்லி கடைசிவரை கிக், ஸ்நேர், இரண்டு டாம் என்ற நாலு டிரம்மோடு நின்றார். ஊர் ஊராக அவரோடு போனது 1957ல் செய்த ஒரு பழைய கிரெட்ச் கம்பெனி டிரம் செட்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. தி ஹூ குழுவின் டிரம்மர் கீத் மூன் 1978ல் இறந்தபோது வயது 32. லெட் செப்பலினின் ஜான் பான்ஹம் 1980ல் இறந்தபோதும் 32தான். இருவரும் மகா கலைஞர்கள், பான்ஹமின் வலது கால் செய்த வேலையை நான் இன்னும் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் நாம் அவர்களுடைய வாசிப்பைப் பேசுவதைவிட குடியையும் உடைத்த ஹோட்டல் அறைகளையும்தான் அதிகம் பேசுகிறோம். சீக்கிரம் எரிந்துபோனால்தான் கலைஞன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். 1964ல் ஷெர்லியைக் கல்யாணம் செய்து, சாகும்வரை அவரோடேயே வாழ்ந்து, டெவனில் அரபுக் குதிரை வளர்த்த டிரம்மரிடம் சொல்ல என்ன கதை இருக்கிறது என்று கேட்கிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

அவரும் சறுக்காதவர் இல்லை. எண்பதுகளின் நடுவில், நாற்பதைத் தாண்டிய வயதில், ஹெராயினிலும் குடியிலும் விழுந்தார். மது பாட்டில் எடுக்கப்போன இடத்தில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். அதோடு எல்லாவற்றையும் விட்டார். 2004ல் தொண்டைப் புற்றுநோய் வந்தபோதும் சிகிச்சை முடித்து மறுபடி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று. ஸ்டோன்ஸின் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1984, ஆம்ஸ்டர்டாம். விடிகாலையில் குழுவின் பாடகர் மிக் ஜாகர், சார்லியின் ஹோட்டல் அறைக்குப் போன் செய்து "என் டிரம்மர் எங்கே?" என்று கேட்கிறார். சார்லி எழுந்து, ஷேவ் செய்து, கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்து ஜாகரை ஒரு குத்து விடுகிறார், இனிமேல் என்னை உன் டிரம்மர் என்று சொல்லாதே என்று. அடிதடியை நான் மெச்சவில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். அடக்கி வாசிப்பவனை அடங்கிப்போனவன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டுக்காகக் கையைத் தூக்குகிறோம், பாடகருக்குப் பணிந்து இல்லை.

பாட்டுக்காக அவர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு இன்னொரு சம்பவம். 1968ல் 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' பாட்டைப் பதிவு செய்யும்போது அதன் நடை அவர் கைக்கு வரவில்லை. தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். சரி, நீங்களே வாசியுங்கள் என்று ஸ்டூலைக் கொடுத்துவிட்டார் சார்லி. ரெக்கார்டில் இன்றும் ஒலிப்பது மில்லரின் கைதான். பிறகு அந்த நடையைக் கற்றுக்கொண்டு மேடையில் ஐம்பது வருடம் வாசித்தார். ஒரு ரெக்கார்டிங்கில் என்னை எழுப்பிவிட்டு வேறொருவரை உட்கார வைத்தார்கள். ஒரு மாதம் நான் குச்சியைத் தொடவில்லை. அப்போது இந்தச் சம்பவம் எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்டோன்ஸில் இன்னொரு விசேஷம். மற்றக் குழுக்களில் எல்லோரும் டிரம்மரின் பின்னால் போவார்கள். இங்கே டிரம்மர் கீத்தின் கிட்டாருக்குப் பின்னால் போகிறார் என்று பேஸ் கிட்டார் வாசித்த பில் வைமன் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்தப் பாட்டுகள் நூல் பிடித்தமாதிரி நிற்காமல் லேசாக ஆடுகின்றன. ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் கேட்டுக்கொண்டே வாசிக்கும் இந்தக் காலத்தில் அந்த ஆட்டத்துக்காக நான் ஏங்குகிறேன்.

இசையில் நான் படுத்துக்கொள்ளும் படுக்கை சார்லி என்று கீத் எழுதியிருக்கிறார். சார்லியோ 1967 வாக்கிலிருந்து சுற்றுப்பயணத்தில் தூங்கிய ஒவ்வொரு ஹோட்டல் கட்டிலையும் நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்துக்கொண்டிருந்தார். வெளியே லட்சம் பேர் கத்திக்கொண்டிருக்க, உள்ளே ஒரு மனிதர் தலையணைச் சுருக்கத்தைப் பென்சிலால் வரைகிறார். ஜிம் கெல்ட்னர் என்ற டிரம்மரோடு சேர்ந்து 2000ல் ஒரு ஆல்பம் போட்டார், அதில் உருப்படிகளுக்கெல்லாம் மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, கென்னி கிளார்க் என்று தான் கும்பிட்ட வாத்தியக்காரர்களின் பெயர்.

அவருடைய கடைசிக் கச்சேரி 2019 ஆகஸ்டில், மயாமியில். 2021 செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் சுற்றுப்பயணம் தொடங்கியபோது முதலில் மேடையில் யாருமே இல்லை. டிரம்ஸ் சத்தம் மட்டும் ஓட, திரையில் சார்லியின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதற்கப்புறம்தான் அவர் இடத்தில் டிரம்ஸ் வாசிக்க வந்த ஸ்டீவ் ஜோர்டனோடு குழு மேடையேறியது.

2023ல் ஸ்டோன்ஸ் போட்ட புது ஆல்பத்தில் இரண்டு பாட்டுக்கு சார்லிதான் டிரம்ஸ், 2019ல் பதிவு செய்து வைத்திருந்தது. அதில் ஒன்றுக்குப் பேஸ் வாசிக்க, முப்பது வருடத்துக்கு முன் குழுவைவிட்டுப் போன பில் வைமனைக் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது 86 வயது. பக்கத்து ஸ்டூலில் சார்லி இல்லை. பதிவாகியிருந்த அந்தத் தாளத்தைக் கேட்டு, அதன்மேல் வாசித்துக் கொடுத்தார்.