அந்த இரண்டு நட்சத்திரம் யாருக்கு?

போன வாரம் மழை விடவே இல்லை, விளையாடப் போக முடியவில்லை. சும்மா இருந்த நேரத்தில் ஸ்கோர் குறிக்கும் ஆப்பைத் திறந்து, இதுவரை ஆடிய டிஸ்க் கோல்ஃப் கோர்ஸ்களுக்கு நான் போட்ட நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு விபரீத ஆசை வந்தது. ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் நட்சத்திரத்தையும் வலப்பக்கம் அன்றைக்கு நான் எடுத்த ஸ்கோரையும் எழுதினேன்.

எழுதி முடித்தபோது வெட்கமாக இருந்தது. பாருக்குக் கீழே, அதாவது கோர்ஸுக்கு வகுத்த வீச்சுக் கணக்கைவிடக் குறைவாக, முடித்த இடங்களுக்கெல்லாம் நாலரை, ஐந்து. சொதப்பிய இடங்களுக்கு மூன்றைத் தாண்டவில்லை. மொத்தம் 16 கோர்ஸ். இந்தக் கணக்குக்கு அடங்காதவை இரண்டே இரண்டு.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் கூடைக்குள் போட வேண்டும்.

அந்தத் தாளில் ஒரு இரண்டு நட்சத்திரம் இருந்தது. அது எதனால் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒன்பது ஹோல் (ஒரு கூடைக்கு ஒரு ஹோல்) மட்டும் உள்ள சின்ன கோர்ஸ். ஏழாவது ஹோலில், இடப்பக்கம் முள்புதர். மூன்று வருடம் கையில் பழகிய தட்டு வளைந்து நேராக அதற்குள் போனது. அரை மணி நேரம் தேடினேன். கையெல்லாம் கீறல், தட்டு கிடைக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்த சூட்டோடு இரண்டு நட்சத்திரம் போட்டு, ‘பராமரிப்பு மோசம்’ என்று ஒரு வரியும் எழுதினேன். புதர் இருந்தது உண்மை. ஆனால் அது ஃபேர்வேயிலிருந்து, அதாவது தட்டு போக வேண்டிய பாதையிலிருந்து, நல்ல தூரம் தள்ளி இருந்தது. அங்கே போனது என் வீச்சு.

இது என் ஒருவனுடைய வியாதி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்தச் சின்ன கோர்ஸுக்கு மற்றவர்கள் எழுதியதையும் படித்தேன். ‘ரொம்ப ஈஸி’, ‘ஒன்பதுதானா’, ‘முழு பலத்தோடு வீச ஒரு ஹோல்கூட இல்லை’. அந்தக் கோர்ஸைப் போட்டதே குழந்தைகளுக்கும் முதன்முதலாகத் தட்டைப் பிடிப்பவர்களுக்கும்தான். சைக்கிளைப் பார்த்து இது ஏன் லாரி மாதிரி பாரம் இழுக்கவில்லை என்று கேட்பதுபோல இருக்கிறது. அங்கே சந்தோஷமாக ஆடிவிட்டுப் போகும் எட்டு வயதுப் பையன் ஆப்பில் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதுகிறவர்கள் எல்லாம் பத்து இருபது கோர்ஸ் பார்த்த என்னைப் போன்ற ஆட்கள்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேப்பிள் ஹில் என்று ஒரு கோர்ஸ். உலகின் சிறந்த கோர்ஸ் பட்டியல்களில் பல தடவை உச்சியில் வந்த இடம். அதன் தரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே போகிறவர்களில் பலர் பல மணி நேரம் வண்டி ஓட்டி, காசு கொடுத்து, மாதக்கணக்கில் கனவு கண்டு போகிறவர்கள். அவ்வளவு பாடுபட்டுப் போய்விட்டு மூன்று நட்சத்திரம் போட யாருக்கு மனசு வரும்? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் இலவசமாக இருக்கும் கோர்ஸுக்கோ, பொழுது போகாதவன், வெயிலில் எரிச்சலானவன், விளையாட்டே பிடிக்காமல் நண்பனுக்காக வந்தவன் எல்லோரும் மார்க் போடுகிறார்கள். இந்த இரண்டு சராசரியையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைப்பதில் என்ன நியாயம்?

முன்னால் வந்தவர் போட்டதைப் பார்த்துவிட்டு நாம் போடுவது இன்னொரு சிக்கல். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு செய்தித் தளத்தில் வரும் கருத்துகளுக்கு, எதையும் படிக்காமல் குருட்டாம்போக்கில் முதல் ஆதரவு ஓட்டு ஒன்றை ஆய்வாளர்களே போட்டுவிட்டார்கள். அந்த ஒற்றை ஓட்டால் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறியது. ஒரு புது கோர்ஸுக்கு முதல் நாலு பேராக வந்து நட்சத்திரம் போடுவது யார்? பெரும்பாலும் மண்வெட்டி பிடித்து அதை உருவாக்கிய ஆட்களும் அவர்கள் நண்பர்களும்தான். தப்பில்லை, வியர்வை சிந்தியவர்களுக்குப் பாசம் இருக்கும்.

அதற்காவது கணக்கில் மருந்து உண்டு. ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஆரம்பத்திலேயே பத்துப் பேர் மூன்றரை போட்டதாகக் கற்பனையாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் மட்டும் ஐந்து போட்ட புது கோர்ஸின் சராசரி 5.0இலிருந்து 3.93க்கு இறங்கிவிடும். 300 பேர் சேர்ந்து 4.4 கொடுத்த கோர்ஸ் 4.37இல் அசையாமல் நிற்கும். ஆனால் முள்புதரில் தட்டைத் தொலைத்தவன் கோபத்துக்கு எந்தச் சூத்திரத்திலும் மருந்து இல்லை.

இன்னொன்று, பழைய மதிப்பெண். மண்தரையாக இருந்த டீக்கு (முதல் வீச்சுக்கு நிற்கும் இடம்) கான்கிரீட் போட்டு, திசைப்பலகை வைத்து, துருப்பிடித்த கூடைகளை மாற்றிய பிறகும், சேற்றில் வழுக்கி விழுந்தவர் அன்று போட்ட ஒற்றை நட்சத்திரம் சராசரிக்குள் உட்கார்ந்தே இருக்கிறது. 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் கோர்ஸை அமைத்தபோது குறி வெறும் கம்பங்கள்தான். சங்கிலிக் கூடை அதற்குப் பிறகு வந்தது. அன்றைக்கு நம் ஆட்கள் போயிருந்தால் ‘கூடைகூட இல்லை, ஒரு நட்சத்திரம்’ என்று எழுதிவிட்டு வந்திருப்பார்கள்.

என்னைக் கேட்டால், நட்சத்திரம் போடுவதற்கு முன்னால் ஆப் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை வருடமாக ஆடுகிறீர்கள்? இந்தக் கோர்ஸ் யாருக்கு ஏற்றது? புதியவர் கொடுத்த சராசரி, பழகியவர் கொடுத்த சராசரி என்று தனித்தனியாகக் காட்டினால் அந்தச் சின்ன கோர்ஸுக்கு உரிய மரியாதை தானாகக் கிடைத்துவிடும்.

மழை விட்டதும் அங்கேயே மறுபடி போனேன், அந்த இரண்டைத் திருத்தலாம் என்று. ஏழாவது ஹோலில் தட்டு நேராகப் போய்க் கூடைக்குப் பக்கத்தில் விழுந்தது. மொத்தத்தில் பாருக்கு மூன்று கீழே. வண்டியில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தால் விரல் தானாக நாலரைக்குப் போகிறது. அப்படியே மூடி வைத்துவிட்டேன். இன்னும் திருத்தவில்லை.