அந்த நாவலில் பெற்றோர் திரும்பி வர வேண்டாம்

நண்பர் ஒருவர் எழுதி, இன்னும் அச்சேறாத நாவலின் கைப்பிரதியைச் சென்ற வாரம் படித்து முடித்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் எதிர்பாராமல் கருவுறுகிறாள். பெற்ற வீட்டின் கதவு அடைபட்ட பிறகு, ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் குடியிருக்கும் தையற்கார அம்மாவும், பக்கத்து அறையில் தங்கி வேலைக்குப் போகும் இரண்டு பெண்களும் அவளைத் தங்களோடு வைத்துக்கொள்கிறார்கள். முன்பே படித்த சிலர், இது நடக்காத கதை என்றும், கடைசி அத்தியாயத்தில் பெற்றோர் மனம் மாறி வந்து அழைத்துப் போனால்தான் நிறைவாக இருக்கும் என்றும் சொன்னார்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன்.

1994இல் திருவல்லிக்கேணியில், ஏழு குடித்தனங்கள் இருந்த வீட்டில் நாங்களும் ஒரு குடித்தனம். கடைசி அறைக்கு வந்த அக்காவுக்குப் பத்தொன்பது வயதுதான் இருக்கும். கோஷா ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று ரிக்‌ஷாவில் வந்து இறங்கியபோது, கூட வந்தவர் எதிர்க்குடித்தனத்துப் பாட்டி மட்டும்தான். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. மறுநாள் காலை பாட்டி முற்றத்தில் புடவையை வழித்துச் செருகிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறக் கிடத்தி, வெந்நீரைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து ஊற்றினார். அக்காவுக்கு அது கைவர நெடுநாள் ஆயிற்று. முதன்முதலாகத் தானே குளிப்பாட்டிய அன்று குழந்தை அழவில்லை, அக்காதான் அழுதார். என் அம்மா பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தார். வாசல் குடித்தனத்து அத்தை பழைய நூல் புடவையில் தூளி கட்டினார். இரவெல்லாம் குழந்தை வீறிடுகிறது என்று ஒரு வாரம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்தவரும் அதே அத்தைதான்.

கைப்பிரதியில் நான் காணாதது இதைத்தான். அந்த மூன்று பெண்களும் எப்போதும் கனிவாகவே பேசுகிறார்கள். ‘நீ எங்கள் வீட்டுப் பெண்’ என்ற வசனம் நான்கு இடங்களில் வருகிறது. ஆனால் நடுராத்திரியில் குழந்தையைத் தூக்கியது யார் என்று ஓரிடத்திலும் இல்லை. ஒருத்தி பெரியவளாவதை அந்த நடுராத்திரியில் அல்லவா காட்ட முடியும்?

சான்றிதழுக்காக அவள் அலையும் அத்தியாயத்தையும் திருத்த வேண்டும். தந்தை பெயர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழே கிடைக்காது என்று எழுதியிருக்கிறார். மணமாகாத தாய் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் போதும், சான்றிதழ் வழங்க வேண்டும் என்று 2015 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது; தந்தையின் பெயரை வெளியிடாமலே அவள் தன் குழந்தைக்குக் காப்பாளராகவும் ஆகலாம். கதை இன்று நடப்பதால், அந்தத் தீர்ப்பை அறிந்த ஒருத்தியாக அவள் எழுத்தரின் முன் நிற்கட்டும்.

இப்படிப்பட்ட உறவு நம் ஊருக்கு அந்நியம் என்பவர்கள் மணிமேகலையை எடுத்துப் பார்க்கலாம். தான் பெற்ற மகளைக் கண்ணகியின் மகள் என்று மாதவி சொல்கிறாள். அதே காப்பியத்தில், பெற்றவள் தோட்டத்தில் விட்டுப்போன ஆபுத்திரனுக்கு ஏழு நாள் பால் சுரந்தது ஒரு பசு. எடுத்து வளர்த்தவர் இளம்பூதி. பிறப்பின் கதை ஊருக்குத் தெரிந்ததும் அவனை வீட்டைவிட்டு விலக்கியவரும் அந்த இளம்பூதியே. சேர்ந்து வாழ வந்தவர்கள் ஒருநாள் கைவிட்டுவிடலாம் என்ற அந்த அச்சம் இந்த நாவலின் பெண்ணுக்கும் இருந்திருக்கும். அதை எழுதாமல், அவர்கள் கைவிடவில்லை என்பதன் அருமை எப்படித் தெரியும்?

அக்காவின் பெற்றோர் நான்காம் வருடம் வரத்தான் செய்தார்கள். பாட்டியின் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பேத்தியைக் கூப்பிட்டபோது அவள் பாட்டியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். ‘ஊருக்கு வருகிறாயா’ என்று அப்பா கேட்டார். அக்கா தம்ளர்களை எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் கழுவினார்; பிறகு அவர்களைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். நண்பர் விரும்பினால் இந்தக் காட்சியைத் தன் கடைசி அத்தியாயத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும்.