கிராஃபிக்ஸ் கார்டில் லைவ் கொடுத்தால் படம் உடையுமா?

"கார்டு என்கோடிங்கில் படம் உடையும், லைவுக்கு பிராசஸர்தான்" என்ற செய்தி மதுரை வீடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. லைவில் அனுப்ப வீடியோவைச் சுருக்கும் வேலைதான் என்கோடிங்; அதைக் கிராஃபிக்ஸ் கார்டும் செய்யலாம், பிராசஸரும் செய்யலாம். அந்தச் செய்தி தவறு.

பழைய கார்டுகளுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் 2018இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதல், கார்டிலுள்ள தனி என்கோடர், பிராசஸரில் ஓடும் எக்ஸ்264 என்கோடர் 'ஃபாஸ்ட்' அமைப்பில் தரும் படத்துக்குச் சளைத்ததல்ல. பிராசஸருக்கும் சுமை குறையும். நாலு கோர் லேப்டாப்பில் எக்ஸ்264-ஐ அதைவிடக் கனமான 'மீடியம்' அமைப்பில் வைத்து 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம் ஓட்டிப் பாருங்கள்; வாடிவாசலில் காளை பாயும் நேரம் பார்த்துப் படம் திக்கும்.

லைவ் அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸின் 'ஸ்டாட்ஸ்' பலகையில் நீங்களே சரிபார்க்கலாம். என்கோடிங் தாமதத்தால் விட்டுப்போன ஃபிரேம்கள் ஏறினால் என்கோடர் திணறுகிறது. நெட்வொர்க்கால் விழுந்தவை ஏறினால் கோளாறு இணையத்தில்; கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் கடன் வாங்கி பிராசஸரை மாற்றிவிடக் கூடாது. தயவுசெய்து அதை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.